அந்த ஜிப் டையை அறுத்துவிடுங்கள்

ஏப்ரல் பிறந்தால் நியூஜெர்சியிலும் மிச்சிகனிலும் சனிக்கிழமைக் காலைக்கென்று ஒரு சத்தம் உண்டு. ஒரு வீட்டில் ஆரம்பித்தால் தெரு முழுக்கப் பற்றிக்கொள்ளும். பனிக்காலம் முழுக்கக் கராஜ் மூலையில் முடங்கிக் கிடந்த லான் மோவரை எல்லோரும் வெளியே இழுத்துப் போட்டுக் கயிறை இழுத்துக்கொண்டிருப்பார்கள். நாலாவது இழுப்பில் சில இன்ஜின்கள் உறுமும். சில, பத்தாவது இழுப்பிலும் செருமிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

அண்மையில் அப்படி ஒரு கராஜுக்குள் போக நேர்ந்தது. நண்பர் வீடு. கோயம்புத்தூர்க்காரர். மருத்துவக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுவது அவர் வேலை. ஒரு வரி பிசகினால் நோயாளியின் உயிருக்கு ஆபத்து என்பதால், எழுதியதை நாலு பேர் சரிபார்த்த பிறகே வெளியே விடுவார்கள். அவருடைய மோவரின் கைப்பிடியையும், அதை ஒட்டி மடங்கும் வளைகம்பியையும் சேர்த்து ஒரு கறுப்பு ஜிப் டை இறுக்கிக் கட்டியிருந்தது.

"என்னங்க இது?"

"அதைப் புடிச்சுக்கிட்டேதான் தள்ளணும்ங்க. கை கடுக்குது. கொஞ்சம் விட்டாப் போதும், ஆஃப் ஆயிருது. மறுக்கா கயிறு இழுக்கணும். கட்டி வெச்சுட்டா தொந்தரவே இல்லீங்க."

அவர் ஒருவர்தான் என்றால் இதை எழுத வேண்டியதில்லை. கராஜ் சேல்களில் விலைக்கு வரும் பழைய மோவர்களைப் பாருங்கள். கம்பி வைத்துக் கட்டியது, டேப் சுற்றியது, குழந்தையின் பழைய ஷூ லேஸ் போட்டு முடிந்தது எல்லாம் கிடைக்கும். காசு வாங்கிக்கொண்டு புல் வெட்ட வருகிற ஆட்களின் இயந்திரங்களிலும் பார்த்திருக்கிறோம். நம்மவர்கள் வீடுகளில் இது ஒரு சாமர்த்தியமாகவே கைமாறி வருகிறது. மூத்தவர் இளையவருக்குச் சொல்லித் தருகிறார்.

அந்த வளைகம்பியை அமெரிக்காவில் பெயில் என்பார்கள். கையால் அதைக் கைப்பிடியோடு சேர்த்துப் பிடித்திருக்கும் வரைதான் பிளேடு ஓட வேண்டும். விட்டால் 3 விநாடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும். 1982 ஜூன் 30 முதல் இந்த நாட்டில் வீட்டு உபயோகத்துக்குத் தயாராகும், நடந்து தள்ளும் சுழல்பிளேடு மோவர் ஒவ்வொன்றுக்கும் இது சட்டம்.

3 விநாடி என்பதை லேசாக நினைக்க வேண்டாம். 21 அங்குல பிளேடு நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் அதன் முனை மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சென்னையிலிருந்து திருச்சிக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் வேகம். விட்ட கணத்திலிருந்து சீராக வேகம் குறைந்து 3 விநாடியில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டாலும், அதற்குள் 75 சுற்று சுற்றிவிடும். பிளேடுக்கு இரண்டு முனை. ஆக, பிரேக் ஒழுங்காக வேலை செய்யும்போதே கூர்முனை ஓர் இடத்தை 150 தடவை கடந்துதான் ஓய்கிறது. கட்டிப்போட்ட மோவரில் அது ஓய்வதே இல்லை. இன்ஜினை வேறு வழியில் அணைத்தால்தான் உண்டு. தடுக்கி விழுந்தவர் எழுந்து போய் எதை அணைப்பார்?

இந்தக் கம்பி எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 1970களில் இத்தகைய மோவர்களின் பிளேடில் பட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 77,000 பேர் காயப்படுகிறார்கள் என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டது. விரல் போனவர்கள், எலும்பு முறிந்தவர்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். 1979இல் ஆணையம் விதி போட்டது. தயாரிப்பாளர்கள் வழக்குக்குப் போனார்கள். 1980இல் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியின் சில பகுதிகளைத் தள்ளியது. ஆனால், விட்டால் நிற்கும் பிளேடையும் அந்த 3 விநாடியையும் கைவைக்காமல் விட்டது.

நாம் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. கம்பியை விட்டதும் இன்ஜினும் சேர்ந்து அணைந்தால், மறுபடி மறுபடி கயிறு இழுக்கச் சலித்துப்போய் ஜனங்கள் கம்பியைக் கட்டிப்போட்டுவிடுவார்கள் என்று ஆணையம் அன்றைக்கே எதிர்பார்த்தது. அதனால்தான், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் மோவரில் பிளேடு மட்டும் நிற்க வேண்டும், இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று முதலில் எழுதினார்கள். அதற்குத் தனி கிளட்சும் பிரேக்கும் வேண்டும், விலை ஏறும். 1981இல் நாடாளுமன்றம் புகுந்து ஒரு சலுகை கொடுத்தது. இழுக்கும் கயிற்றின் பிடி கைப்பிடியின் உச்சியிலிருந்து 24 அங்குலத்துக்குள் இருந்தால், பிளேடோடு இன்ஜினும் நின்றுபோகலாம். இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மோவர்களில் பெரும்பாலானவை அந்தச் சலுகையில் பிறந்தவை. நாற்பது ஆண்டுகளுக்கும் முன்பு அதிகாரிகள் எந்த ஜிப் டையை நினைத்துப் பயந்தார்களோ, அதைத்தான் நண்பர் கடையில் வாங்கி வந்து மாட்டியிருக்கிறார்.

அந்த 24 அங்குலத்துக்கும் காரணம் உண்டு. கயிறு இழுக்கும்போது ஆள் கைப்பிடிக்குப் பின்னால் நிற்க வேண்டும், இயந்திரத்தின் பக்கவாட்டில் காலை வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. கம்பி கட்டியிருந்தால் இந்த ஏற்பாடும் போச்சு. கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை என்பதால் சிலர் கயிறைக் கைப்பிடி வளையத்திலிருந்து கழற்றி, இன்ஜின் பக்கத்திலேயே குனிந்து இழுக்கிறார்கள். இன்ஜின் பிடித்த அதே நொடியில் கால் பக்கத்தில் பிளேடு சுற்ற ஆரம்பிக்கிறது.

நண்பரின் கராஜுக்குத் திரும்புவோம். முதலில் ஸ்பார்க் பிளக்கின் வயரைப் பிடுங்கி ஓரமாகத் தள்ளிவைத்தோம். பிறகு ஜிப் டையை அறுத்தோம். கட்டை அவிழ்த்ததும் கம்பி சட்டென்று துள்ளி முன்னால் போக வேண்டும். போகவில்லை. சோம்பல் முறிப்பதுபோல மெதுவாகக் கிளம்பி, பாதி வழியில் நின்றுவிட்டது. கையால் தள்ளினால் மீதி தூரம் போனது.

குளிர்காலத்துக்கு இடம் மிச்சம் பிடிக்கக் கைப்பிடியை மடக்கி வைத்தபோது, பெயிலிலிருந்து இன்ஜினின் பிரேக்குக்குப் போகும் கேபிள் மடிப்பில் மாட்டி நசுங்கியிருந்தது. அந்த இடத்தில் மேலுறை பிளந்து ஈரம் இறங்கி, உள்ளே ஓடும் இழை துருப்பிடித்திருந்தது. அவருக்குக் கை கடுத்தது அதனால்தான்! ஸ்பிரிங்கை மட்டும் இழுக்க வேண்டிய கை, துருவையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தது. கைவலி என்ற பெயரில் இயந்திரம் தன் கோளாறைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் அதன் வாயைக் கட்டிவிட்டார். கட்டு இல்லாமல் ஓட்டியிருந்தாலும் அந்தக் கம்பி முழுக்கத் திரும்பியிருக்காது, பிரேக்கும் முழுக்கப் பிடித்திருக்காது என்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது.

நாம் அடிக்க விரும்பும் எச்சரிக்கை மணி இதுதான். பிளேடுக்கும் ஓட்டத்துக்கும் உள்ள பிடிகளில் வரும் பெரும்பாலான தொந்தரவுகளுக்குப் பின்னால் ஒரு பழுது இருக்கிறது. கட்டுப்போடுகிறவர் அந்தப் பழுதை மூடிவைக்கிறார்.

கயிறு இழுக்கக் கல் மாதிரி கனக்கிறதா? பலர் இன்ஜின் போச்சு என்று முடிவுகட்டுவார்கள். கம்பியைச் சேர்த்துப் பிடிக்கும்போது இன்ஜினின் ஃப்ளைவீலை அழுத்தியிருக்கும் பிரேக் கட்டை விலக வேண்டும். கேபிள் நீண்டு தளர்ந்திருந்தால் கட்டை பாதிதான் விலகும். பிரேக் பிடித்த சைக்கிளை மிதிப்பதுபோல நாம் இழுத்துக்கொண்டிருப்போம். கயிறு லேசாக வந்தும் இன்ஜின் பிடிக்கவில்லை, அல்லது ஓடும்போது மேடு பள்ளத்தில் குலுங்கினால் அணைந்துவிடுகிறது என்றாலும் முதலில் இதே கேபிளைப் பார்க்கலாம். பிரேக் கட்டையோடு சேர்ந்தே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். கம்பியை விட்டால் அது தீப்பொறிக்கான மின்சாரத்தை இன்ஜினின் உடம்புக்கு இறக்கி இன்ஜினை அணைத்துவிடும். தளர்ந்த கேபிளில் அந்த சுவிட்ச் தொட்டும் தொடாமலும் ஊசலாடும்.

கம்பியை விட்ட பிறகும் இன்ஜின் ஓடுகிறதா? சுவிட்சின் வயர் அறுந்திருக்கலாம், ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், நண்பர் வீட்டில் கண்டதுபோலக் கேபிள் துருப்பிடித்துச் சிக்கியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் அந்த இயந்திரம் அன்றைக்குப் புல்லில் இறங்கக் கூடாது. இன்ஜின் அணைந்தும் பிளேடு சாவகாசமாக நிற்கிறதென்றால் பிரேக் கட்டை தேய்ந்திருக்கும், அல்லது அதில் எண்ணெய் ஏறியிருக்கும். இன்ஜின் ஓடப் பிளேடு மட்டும் நிற்கும் விலை உயர்ந்த ரகங்களில், அடர்ந்த புல்லில் பிளேடின் வேகம் தளர்ந்தால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள்.

எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாகக் கேபிளை இறுக்கித் தள்ளுகிறவர்கள் உண்டு. அங்கேதான் மோசம் போவது. கேபிளில் கொஞ்சம் தொய்வு இருந்தே தீர வேண்டும். எவ்வளவு என்பதைக் கையேட்டில் போட்டிருப்பார்கள். தொய்வே இல்லாமல் இறுக்கினால் கம்பியை விட்ட பிறகும் கேபிள் பிரேக் கட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். கயிறு சுலபமாக வரும், இன்ஜின் ஜோராக ஓடும், எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும். நிற்பதுதான் நடக்காது. ஜிப் டை போடாமலே போட்ட கதை.

இரண்டாவது பிடி, சக்கரத்தை ஓட்டுவது. தானாக நகரும் மோவரில் இன்ஜினிலிருந்து ஒரு பெல்ட் பின்சக்கரங்களுக்கோ முன்சக்கரங்களுக்கோ உள்ள கியர்பாக்ஸுக்குப் போகும். பிடியை அழுத்தினால் பெல்ட் இறுகும் அல்லது கிளட்ச் சேரும், வண்டி நகரும். பழகிய குறை, வண்டி இழுக்கவில்லை என்பது. கேபிள் தொய்ந்தாலோ, பெல்ட் பளபளவென்று வழுக்கையானாலோ, பெல்ட் மூடிக்குள் காய்ந்த புல் அடைத்துக்கொண்டாலோ அப்படி ஆகும். இதெல்லாம் சரியாக இருந்தும் சக்கரம் கடகடத்து வழுக்கினால், சக்கரத்தைக் கழற்றி உட்பக்கம் பாருங்கள். பிளாஸ்டிக் பல்வரிசை அறுபது வருஷம் வெற்றிலை போட்ட பல்லாகத் தேய்ந்திருக்கும். முன்சக்கர ஓட்டமுள்ள வண்டியில் புல் பை நிறைந்தால் பின்பாரம் ஏறி மூக்கு தூக்கிக்கொள்ளும். சக்கரம் தரையைப் பிடிக்காது. அது பழுதே இல்லை, பையைக் கொட்டினால் போதும்.

இழுக்காத வண்டியால் வேர்வைதான் மிச்சம். விடாத வண்டிக்குத்தான் பயப்பட வேண்டும். பிடியை விட்ட பிறகும் ஊர்ந்துகொண்டே போகும் மோவரை ஆள் என்ன செய்வார்? பின்னால் இழுப்பார். ஈரப் புல், சற்றே சரிவு, பின்னோக்கி ஒரு எட்டு, கால் வழுக்கினால் இயந்திரம் அவர் மேல் வருகிறது. பெயில் கம்பியும் கட்டியிருந்தால் பிளேடு சுற்றிக்கொண்டே வருகிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சில்லறைக் கோளாறுகள். ஒன்று சேர்ந்தால் அந்த வீட்டில் ஆம்புலன்ஸ் நிற்கும்.

இதைச் சோதிக்க ஒரு நிமிஷம் போதும். இன்ஜினை அணைத்து, ஓட்டப்பிடியை விட்டுவிட்டு, வண்டியை முன்னும் பின்னும் உருட்டிப் பாருங்கள். சில ரகங்களில் முதலில் ஓர் அங்குலம் முன்னால் தள்ளினால்தான் கியர் விலகும், பிறகு பின்னால் தாராளமாக வரும். அப்படியும் சக்கரம் அடம்பிடித்தால் ஓட்டக் கேபிள் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறது, அல்லது சிக்கியிருக்கிறது.

கட்டிப்போட்ட கம்பி செய்யும் இன்னொரு கொடுமையைப் பலர் யோசிப்பதில்லை. ஈரப் புல் அடியில் உருண்டையாக அடைத்துக்கொள்கிறது. இன்ஜின் தானே மூச்சுத்திணறி நிற்கிறது. நின்றுவிட்டதே என்று கையை விட்டுப் பிளேடைத் திருப்பிப் புல்லைப் பிடுங்குகிறார்கள். மலிவு ரகங்களில் பிளேடு நேரே இன்ஜினின் தண்டிலேயே முறுக்கியிருக்கிறது. பிளேடைத் திருப்புவதும் கயிறை இழுப்பதும் ஒன்றுதான். கம்பி விட்ட நிலையில் இருந்தால் தீப்பொறி துண்டித்திருக்கும். கம்பி கட்டியிருந்தால் தீப்பொறி தயாராகக் காத்திருக்கிறது. உள்ளே பெட்ரோல் ஆவியும் இருக்கிறது. ஒரு தடவை உதறினால் போதும், விரல் அங்கே இருக்கிறது. அடியில் கை போவதற்கு முன்னால் பிளக் வயரைப் பிடுங்கச் சொல்வது இதனால்தான். பிடுங்கிய பிறகும் கையை விடாமல் ஒரு குச்சியை விடுவது நல்லது. வண்டியைச் சாய்ப்பதாக இருந்தால் ஏர் ஃபில்டர் மேலே பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் அதில் இறங்கிவிடும்.

பாட்டரி மோவர் வாங்கிவிட்டேன், எனக்கு இந்தக் கவலை இல்லை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கலிபோர்னியா 2024 முதல் பெரும்பாலான புதிய சிறு பெட்ரோல் இன்ஜின்களுக்குக் கதவடைத்த பிறகு அந்தப் பக்கத்து வாசகர்கள் பலர் பாட்டரிக்கு மாறிவருகிறார்கள். அந்த 3 விநாடி விதி அதற்கும் உண்டு. அங்கே கம்பி ஒரு மின்சார சுவிட்ச், அவ்வளவுதான். சத்தம் குறைவாக இருப்பதால் பிளேடு நின்றதா என்பது காதுக்குச் சட்டென்று பிடிபடாது. பாட்டரியையும் சாவியையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்ட பிறகே அடியில் குனியுங்கள்.

நம்மவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் புல்தரை இல்லாத வீடுகளில் வளர்ந்தவர்கள். மயிலாப்பூர் அடுக்குமாடியிலோ ஈரோட்டுச் சந்திலோ பிறந்து, முப்பத்தைந்து வயதில் வீடு வாங்கிய பிறகு முதன்முதலாக இந்த இயந்திரத்தைத் தொடுகிறோம். பக்கத்து வீட்டு அமெரிக்கச் சிறுவனுக்கு அப்பா சொல்லிக் கொடுத்திருப்பார். நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கூர்மையான பொருளுக்கு நம் வீடுகளில் ஒழுங்கு இல்லாமல் இல்லை. அரிவாள்மணையை வேலை முடிந்ததும் சாய்த்துச் சுவரோரம் வைப்பார்கள். அதைத் தாண்டிப் போன பிள்ளை முதுகில் ஒன்று வாங்கும். அந்த ஒழுங்கு கடல் தாண்டும்போது எங்கோ விழுந்துவிட்டது.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். நடந்து தள்ளும் மோவரைத் தொட 12 வயதாவது ஆக வேண்டும், உட்கார்ந்து ஓட்டுவதற்கு 16 ஆக வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவ அகாதமி சொல்கிறது. பத்து வயதுப் பையன் ஆசைப்படுகிறான் என்று அவன் கைக்கு அந்தக் கம்பி எட்டாததால் அப்பா கட்டிக் கொடுத்ததையும் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். எட்டாத கை, தள்ளக் கூடாத கை.

தமிழ்ச் சங்கங்கள் வரி தாக்கல் செய்வதற்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் வகுப்பு நடத்துகின்றன. மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை, யாராவது ஒருவர் வீட்டு கராஜில், விஷயம் தெரிந்த ஒருவரை வைத்து நாலு மோவரைப் பிரித்துக் காட்டினால் என்ன? பொங்கல் விழாவுக்குப் பிடிக்கும் செலவில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. பழைய மோவரை விற்கிறவர்கள் கட்டை அவிழ்த்து, கேபிளைச் சரிசெய்துவிட்டு விற்க வேண்டும். கட்டோடு விற்பது அடுத்த வீட்டுக்காரர் காலை விற்பது. புல் வெட்ட ஆள் வைத்திருப்பவர்கள் அவர்களுடைய இயந்திரத்தின் கைப்பிடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கட்டியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். விலை குறைவாகக் கேட்டார்கள் என்பதற்காக அடுத்தவர் விரலைப் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை.

நண்பருக்குப் புதிய கேபிள் வந்தது. மாற்ற முக்கால் மணி நேரம். இப்போது கம்பியைச் சுண்டுவிரலாலேயே பிடிக்க முடிகிறது என்கிறார். விட்டால் டப்பென்று துள்ளுகிறது.

இந்த இதழ் கைக்கு வந்த வாரமே உங்கள் மோவரைச் சமதரையில் நிறுத்தி, பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, பின்னால் நின்று ஸ்டார்ட் செய்யுங்கள். கம்பியை விடுங்கள். குனிந்து அடியில் பார்க்காதீர்கள். பிளேடு தண்டில் நேரே முறுக்கியிருக்கும் ரகமென்றால் இன்ஜினின் தலையில் சல்லடை மூடிக்குள் சுற்றுவது நின்றால் பிளேடும் நின்றதாக அர்த்தம். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும் ரகமென்றால் பிளேடு காற்றைக் கிழிக்கும் இரைச்சலுக்குக் காது கொடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 3 விநாடி எண்ணுங்கள். அதற்குமேலும் சுற்றினால் வண்டியைக் கராஜுக்குள் தள்ளி, பிளக் வயரைப் பிடுங்கிவிட்டு, கேபிளுக்கு ஆர்டர் போடுங்கள். அந்த வாரம் புல் வளரட்டும். ஹெச்ஓஏ என்கிற வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கடிதம் வந்தால் வரட்டும்.